நீலப் பென்சில் சிலுவை

கோட்டாறு
12.1.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஞானதாசன் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்தையும் மடத்துச் சகோதரிகள் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆவல். டெல்சிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. எண்ணெய், மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது அவள் அந்தக் காலைத் திட்டிக்கொண்டே நடக்கிறாள், அதில் கொஞ்சம் குணம் தெரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்ததா? உப்பு குறைத்து, தனியாக வலை விரித்து உலர்த்தியது. மடத்தில் இறைச்சி ஆகாது, மீன் ஆகலாம் என்று சட்டம் எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கருவாட்டு வியாபாரிகள் சார்பில் அவருக்கு என் வந்தனம்.

இனி ஊர்க் காரியம். எங்கள் கடைவீதி வியாபாரிகள் சங்கத் தலைவர் பூதலிங்கம் பிள்ளை, வரும் மே மாதத்தோடு இறங்குகிறார். பதினாறு வருஷம் இருந்தாயிற்று, போதும் என்கிறார். அதிலிருந்து கடைவீதியில் வியாபாரம் பாதி, ஊகம் பாதி. உனக்கு இந்தச் சங்கத்தின் வழக்கம் தெரியாதே. ஓட்டுப்பெட்டி கிடையாது. ஏழு தெருவுக்கு ஏழு மூத்த வியாபாரிகள் கூடிப் பேசி, ஒரு பேரை முடிவு செய்வார்கள். பழைய தலைவர் தாம்பூலத் தட்டை அந்த ஆள் முன்னால் வைப்பார். அந்த ஆள் “எனக்கு வேண்டாம்” என்று இரண்டு தடவை தள்ள வேண்டும். மூன்றாம் தடவைதான் எடுக்க வேண்டும். முதல் தடவையே கை நீட்டினால் பதவிக்கு அலைகிறவன் என்று பேர் வந்துவிடும்.

அதனால் இப்போது கோட்டாற்றில் ஆசை உள்ளவர்கள் எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். யார் சத்தமாகச் சொல்கிறாரோ அவருக்குத்தான் ஆசை அதிகம். என் கணக்கில் மூன்று பேர்.

முதலாவது, இரும்புக்கடை ஜான்ரோஸ். பந்தயத்தில் முன்னால் ஓடுகிறவர். போன வாரம் ஸ்டுடியோவில் போய்க் கைகூப்பியபடி போட்டோ எடுத்திருக்கிறார். ஆணியும் முள்கம்பியும் விற்கிறவருக்குக் கைகூப்பின போட்டோ எதற்கு?

இரண்டாவது, ஜவுளிக்கடை பீருக்கண்ணு. மூன்று மாதமாக ஒரு சாவு வீட்டையும் விடவில்லை. செத்தவர் யாரென்று வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போய் அழுகிறார் என்று பேச்சு.

மூன்றாவது, பாத்திரக்கடை சண்முகவடிவு அம்மாள். புருஷன் போனபிறகு இருபது வருஷம் தனியாகக் கடையை நடத்துகிறவர். என் கடைக்கு நேர் எதிர்க்கடை. பெண்பிள்ளை முன்னால் இதுவரை தட்டு வைத்தது இல்லை. ஆனால் ஏழு பேரில் மூன்று பேர் அவர் சொன்னால் கேட்பார்கள்.

நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறேன். உனக்குப் போன் கிடையாது, வருஷத்துக்கு ஒரு நாள்தான் மடத்துக் கம்பிக் கிராதிக்கு இந்தப்புறம் நின்று முகம் பார்க்கலாம். ஆகவே எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

வழக்கம்போல் இதையும் உனக்கு முன்னால் மடத்துத் தலைவி மதர் வாசிப்பார்கள். உன் கடிதங்களின் மேல்மூலையில், வாசித்து அனுமதித்ததற்கு அடையாளமாக அவர்கள் போடும் நீலப் பென்சில் சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுங்கச்சாவடி ஞாபகம் வரும். இதை வாசிக்கும் மதருக்கு என் ஸ்தோத்திரம்.

உன் தம்பி,
ஞானதாசன்


கிருபை மடம், செங்குளம்
31.1.2025

சேசு மரி சூசை

பிரியமுள்ள தம்பிக்கு அக்கா அமலோற்பவம் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். கண்ணாடி மாற்றினார்கள், அதனால் உன் கையெழுத்து எவ்வளவு மோசம் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. டெல்சியின் முழங்காலை என் ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்.

நெத்திலி வந்தது. திருக்காட்சித் திருநாளன்று வறுத்தோம். சாப்பாட்டு அறையில் மௌனம், பேசக்கூடாது. ஆனால் வாசம் வந்த நேரத்தில் இருபத்தொரு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம். மதர் சிரித்துவிட்டார்கள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மூன்று பேரைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறாய். நாலாவது ஆளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்னொரு சந்தேகம். ஜான்ரோஸ் கைகூப்பி போட்டோ எடுத்தது உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஸ்டுடியோவில் உனக்கு என்ன வேலை, ஏலே?

பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்.

அன்புடன் அக்கா


கோட்டாறு
16.2.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே யாவரும் நலம். உன் புதுக் கண்ணாடி உனக்குப் பொருந்தி வந்தது பற்றி மகிழ்ச்சி, என்னைத்தான் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போட்டோ எடுக்கப் போனேன் என்று எழுத நினைத்தேன். மதரும் வாசிப்பார்கள், பொய் எழுத வேண்டாம். நானும் கைகூப்பித்தான் எடுத்தேன்.

ஆமாம், எனக்கு வேண்டும். வெளியே யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். எனக்கு அந்தத் தட்டு வேண்டும். அம்மா ஓலைக் கடவத்தில் கருவாடு சுமந்து இந்தக் கடைவீதிக்கு வந்தபோது எந்தக் கடை நிழலிலும் இறக்கி வைக்க விடமாட்டார்கள். வாடை என்பார்கள். நான் பத்தொன்பது வயதில் அதே தெருவில் ஒரு ஜன்னல் அளவு இடம் பிடித்தேன். இன்றைக்கு மூன்று கதவுக் கடை, பின்னால் சரக்கு வைக்கக் கிட்டங்கி. நாகர்கோவிலிலிருந்து புனலூர் வரை என் சரக்கு போகிறது. இருந்தும் சங்கத்தில் கடற்கரைக்காரன் ஒருவன் இதுவரை தலைவர் ஆனது இல்லை. பொங்கல் கூட்டத்தில் நான் உட்கார்ந்ததும் ஜான்ரோஸ் தன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார். பார்க்காதவன் மாதிரி இருந்தேன். பார்த்தேன்.

போன வாரம் பூதலிங்கம் பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஞானதாசா, ரெண்டு தெருவுல உம்ம பேரு அடிபடுது. நாலு தெரு ஆக்கணும்னா அந்த போர்டை மாத்திக்கிடும். தலைவர் கடையில கருவாட்டுக்கடைன்னு எழுதியிருந்தா கலெக்டர் வந்தா எப்படி கூட்டிட்டு வாரது?” என்றார். நல்ல மனிதர்தான். எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

அக்கா, உனக்குத் தெரியும். என் கடை போர்டில் ‘வியாகுலம்மாள் கருவாட்டுக்கடை’ என்று இருக்கிறது. அம்மா பேர். முப்பத்தெட்டு வருஷமாக அதே போர்டு, பெயிண்ட் மட்டும்தான் மாறியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுசாக ஒன்று எழுதி வாங்கிவிட்டேன். ‘வி.ஜி. கடல் உணவு நிறுவனம்’. கிட்டங்கியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். டெல்சிகூடப் பார்க்கவில்லை.

மாட்டலாமா, வேண்டாமா? மார்ச் ஐந்தாம் தேதி தவக்காலம் தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் உங்கள் மடத்தில் கடிதம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை எழுது. உன் வார்த்தைப்படி செய்கிறேன்.

இதை வாசிக்கும் மதருக்கு ஸ்தோத்திரமும், போட்டோ விஷயத்துக்கு மன்னிப்பும்.

ஞானதாசன்


கிருபை மடம், செங்குளம்
2.3.2025

சேசு மரி சூசை

பிரியமுள்ள தம்பிக்கு, உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் சுகமாய் இருப்பது அறிந்து நிம்மதி. எனக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

போர்டைப் பற்றி எழுத இப்போது மனம் ஓடவில்லை. வேறு ஒன்றே உள்ளே கிடந்து அரிக்கிறது. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லும் பலம் வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். நம் அம்மாவின் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற இடம் பழக்கமில்லை. பின்வரிசையில் இருந்து செய்யும் வேலைதான் நமக்கு இசைவு. முன்னால் தள்ளப்பட்டுத் தப்பு செய்வதைவிட ஒதுங்கி நிற்பது மேல். நீயும் இதற்காக வேண்டிக்கொள்.

தவக்காலத்தில் டெல்சியை முழந்தாளில் நிற்க வேண்டாம் என்று சொல். உட்கார்ந்து ஜெபித்தாலும் கேட்கும்.

அக்கா


கோட்டாறு
18.3.2025

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்தக் கடிதம் ஈஸ்டர் வரை மதரின் மேசையில்தான் கிடக்கும் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் கோபத்தைக் கடைக்கு வருகிற ஆட்களிடம் காட்டிவிடுவேன்.

ஒதுங்கி நில் என்று எழுதிவிட்டாய். பின்வரிசைதான் நமக்கு என்று எழுதிவிட்டாய். இதை ஜான்ரோஸ் சொல்லியிருந்தால் பதில் சொல்லத் தெரியும். நீ சொன்னால் நான் யாரிடம் போய்ச் சொல்ல? நீ இருபது வயதில் மதிலுக்குள்ளே போய்விட்டாய். உள்ளே யாரும் உன்னிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்க மாட்டார்கள். நான் வெளியே நின்றவன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மூன்று கதவுக் கடையைக் கட்டினேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ ஒதுங்கச் சொன்னதற்காக ஒதுங்கமாட்டேன். உன் வார்த்தைப்படி செய்வதாகப் போன கடிதத்தில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். புது போர்டை ஈஸ்டர் முடிந்ததும் மாட்டப் போகிறேன்.

கோபத்தில் எழுதினாலும் முறை தவறக்கூடாது. இதை வாசிக்கும் மதருக்கு என் ஸ்தோத்திரம்.

ஞானதாசன்


கிருபை மடம், செங்குளம்
27.3.2025

திரு. ஞானதாசன் அவர்களுக்கு,

உங்கள் குடும்பத்துக்கு ஆண்டவரின் சமாதானம். நான் சுகமே, வயது எழுபத்தெட்டு என்பதைத் தவிர வியாதி ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் வந்தது. சட்டப்படி ஈஸ்டர் முடிந்ததும் உங்கள் சகோதரியிடம் கொடுப்பேன். சட்டப்படி நான் அதை வாசித்தும்விட்டேன். வாசித்தபின் வாசிக்காத மாதிரி இருக்க இந்த வயதில் முடியவில்லை. தலைவி எழுதுவதற்குத் தவக்காலத் தடை இல்லை, ஆகவே இந்தச் சில வரிகள்.

இந்த வீட்டிலும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தலைவியைத் தேர்ந்தெடுப்பது உண்டு. ஜூனில் என் காலம் முடிகிறது. இங்கே யாரும் எனக்கு வேண்டும் என்று சொல்லக்கூடாது, யாருக்கு வேண்டும் என்று ஒருவருக்கொருவர் பேசவும் கூடாது. என்னை நான்கு முறை தேர்ந்தெடுத்தார்கள். நான்கு முறையும் வேண்டாம் என்றேன். அதில் இரண்டு முறை உண்மையாகச் சொன்னேன். மற்ற இரண்டை இன்றைக்கும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேண்டும் என்று நினைத்து, வேண்டும் என்றே சொல்கிற ஒருவரை உங்கள் கடிதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அது பாவமாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் சகோதரியின் கடிதத்தைக் கோபம் இல்லாத ஒரு நாளில் மறுபடி வாசியுங்கள். ஒரு கடிதத்தில் உள்ள எல்லா வரியும் அதைப் பெறுகிறவருக்காக எழுதப்பட்டது என்று இல்லை.

நெத்திலி மிகவும் நன்றாக இருந்தது.

மதர் பிலோமினா


கிருபை மடம், செங்குளம்
22.4.2025

சேசு மரி சூசை

பிரியமுள்ள தம்பிக்கு உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். உங்கள் ஈஸ்டர் நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். இப்போது எனக்குத் தூக்கம் பரவாயில்லை.

உன் கடிதத்தை நேற்று மதர் கையில் தந்தார்கள். “நல்லா அழுதுட்டு அப்புறமா பதில் எழுது” என்றார்கள். அப்படியே செய்தேன்.

தம்பி, ஒதுங்கி நிற்பது பற்றி எழுதிய வரி உனக்காக எழுதியது இல்லை. யாருக்காக என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மடத்துக் காரியம் மதிலைத் தாண்டக்கூடாது. நீ பிடித்துக்கொண்டது உனக்கு வலித்த இடத்தை. அதற்கு நான்தான் பொறுப்பு, மன்னித்துக்கொள்.

போர்டைப் பற்றிக் கேட்டாய், அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உள்ளே யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் வந்த முதல் வருஷம் அம்மா தனியாக என்னைப் பார்க்க வந்தது உனக்குத் தெரியாது. வாசலில் வாடை போக நாரத்தை இலையைக் கசக்கிக் கையெல்லாம் தேய்த்துக்கொண்டு, கிராதியிலிருந்து நாலு அடி தள்ளியே நின்றாள். கிட்டே வா என்று நான் சொல்லவில்லை, தம்பி. பக்கத்தில் மற்றச் சகோதரிகள் நின்றார்கள். அவள் தள்ளி நின்றது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நாற்பத்தொரு வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. மூக்கைப் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

நீ அனுப்பும் பொட்டலத்தின் மேல் ரப்பர் ஸ்டாம்பில் கடைப்பேர் இருக்குமே, அதை ஒவ்வொரு வருஷமும் வெட்டி என் ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொள்கிறேன். இருபத்தாறு சேர்ந்திருக்கிறது. இந்த வருஷம் ஸ்டாம்பில் வேறு பேர் வந்தால் அதையும் வைப்பேன். நீ என் தம்பி. ஆனால் எது வந்தால் எனக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் எழுது. தட்டு உனக்குக் கிடைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா


கோட்டாறு
11.5.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, யாவரும் நலம். டெல்சி மூன்று நாளாக முழங்காலை மறந்து நடக்கிறாள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

போன புதன்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம். நாற்பது வியாபாரிகள், முன்னால் ஏழு மூத்தவர்கள், நடுவில் தட்டு. புது போர்டு கிட்டங்கியில் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. உன் கடிதம் வந்தபிறகு அதைத் தொடவில்லை.

ஏழு பேரில் நாலு பேர் ஜான்ரோஸ் என்று சொல்லிவிட்டார்கள். என் பேருக்கு மூன்றுதான். பூதலிங்கம் பிள்ளை தட்டைக் கொண்டுபோய் ஜான்ரோஸ் முன்னால் வைத்தார். ஜான்ரோஸ் வழக்கப்படி கையெடுத்துக் கும்பிட்டு, “அண்ணாச்சி, எனக்கு இது வேண்டாம். தகுதியான ஆளுக்குக் குடுங்க” என்றார். குனிந்து நின்றார். இரண்டாம் தடவை தட்டு வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூதலிங்கம் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டார்.

“ஜான்ரோஸ் வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஜனவரியிலேருந்து கடை கடையா போயி இதத்தான் சொல்லிட்டு வாராரு. நாப்பது பேருகிட்ட சொன்ன ஒரு வார்த்தைய நாம மதிக்காண்டாமா?” என்றார்.

ஜான்ரோஸ் வாயைத் திறந்தார், மூடினார். வேண்டும் என்று இப்போது சொல்ல முடியாது, இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லவும் பயம். பிறகுதான் தெரிந்தது. ‘சங்கத் தலைவரை வாழ்த்துகிறோம்’ என்று கைகூப்பின போட்டோவோடு ஃபிளெக்ஸ் அடிக்க முன்கூட்டியே கொடுத்திருக்கிறார். அந்த ஃபிளெக்ஸ் கடை பூதலிங்கம் பிள்ளையின் மருமகன் கடை, சேதி அவர் காதுக்குப் போய்விட்டது.

தட்டு என் முன்னால் வந்தது.

அக்கா, இரண்டு தடவை தள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் மதர் எழுதியது ஞாபகம் வந்தது. நான் உண்மையாக வேண்டாம் என்று நினைக்கவில்லையே. எழுந்து இரண்டு கையாலும் தட்டை எடுத்தேன். முதல் தடவையே. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“எனக்கு இது வேணும். நாப்பது வருஷமா வேணும். அதனால எடுக்கேன்” என்றேன்.

பூதலிங்கம் பிள்ளை குனிந்து மெதுவாக, “அந்த போர்டு காரியம்?” என்றார்.

மெதுவாகக் கேட்டதற்கு நான் சத்தமாகப் பதில் சொன்னேன். “போர்டு அங்கதான் இருக்கும். எங்க அம்மா பேரும் கருவாடும். ரெண்டும் சேந்து ஒத்துவராதுன்னா தட்டை இப்பமே திரும்ப எடுத்துக்கிடுங்க, வருத்தம் இல்ல.” தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கை நடுங்கவில்லை என்று எழுத ஆசை. நடுங்கியது. வெற்றிலை ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

யாரும் வாங்கவில்லை. அப்போது சண்முகவடிவு அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். “எனக்க கடையில புளி போட்டு பித்தளை தேய்ச்ச வாடை. பீருக்கண்ணு கடையில கஞ்சி வாடை. ஜான்ரோஸ் கடையில துரு வாடை. இதுல எந்த வாடைய வெளிய அனுப்பப் போறிய?”

பீருக்கண்ணுதான் முதலில் சிரித்தார். எழுந்து வந்து தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தலைவர் தட்டில் பாக்கு எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். அவருக்கும் ஆசை இருந்தது, அக்கா. இருந்தும் வந்து எடுத்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். ஜான்ரோஸ் கடைசியாக வந்தார். பாக்கை எடுத்துக்கொண்டு, நாற்காலியை நகர்த்தாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அதுவும் ஒரு ஆண்பிள்ளைத்தனம்தான், மறுக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து டெல்சியிடம் சொன்னபோது, “அந்தப் புது போர்டை என்ன செய்யப் போறிய?” என்று கேட்டாள். பிப்ரவரியிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். அது இப்போது உப்புத் தொட்டிக்கு மூடியாக இருக்கிறது. நல்ல பலகை.

கடற்கரையிலிருந்து முதல் தலைவர், அக்கா. அம்மாவின் மகன். உடனே பதில் எழுது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்க அவசரமாக இருக்கிறது.

இதை வாசிக்கும் மதருக்கு என் ஸ்தோத்திரம். அவர்கள் சொன்னதைக் கேட்டதால்தான் இது.

ஞானதாசன்


கோட்டாறு
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே சுகம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஆறு வாரம் ஆயிற்று. ஒரு வரி இல்லை. ஜான்ரோஸ்கூட எனக்கு மாலை போட்டுவிட்டார். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அல்லது நான் தட்டை முதல் தடவையே எடுத்தது தப்பு என்று நினைக்கிறாயா? எதுவானாலும் எழுது. சங்கத் தலைவர் என்கிற கம்பீரத்தோடு தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்பது நன்றாக இல்லை.

மதருக்கு என் ஸ்தோத்திரம்.

ஞானதாசன்


கிருபை மடம், செங்குளம்
20.7.2025

சேசு மரி சூசை

பிரியமுள்ள தம்பிக்கு, உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் நல்ல சுகம். டெல்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே எனக்கு வேலை கொஞ்சம் கூடிவிட்டது. கடிதம் எழுதுகிற மத்தியான நேரம் முன்போலக் கிடைப்பதில்லை. நான் வாசித்து முடிக்க வேண்டிய காகிதங்களே நிறைய இருக்கின்றன.

உன் மே மாதத்துக் கடிதத்தைப் பொழுதுபோக்கு நேரத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பூதலிங்கம் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்ட இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை வாசித்தேன். பாதியில் நிறுத்தியதற்காகச் சகோதரிகள் என்னைச் சண்டை பிடித்தார்கள். நீ தட்டை எடுத்த இடத்தில் கை தட்டினார்கள்.

பெருமையாக இருக்கிறது, மக்கா. வெற்றிலை ஆடியதை எழுதினாயே, அதற்காக இன்னும் பெருமை. நம் அம்மாவின் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற இடம் பழக்கமில்லை என்று எழுதியிருந்தேன். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கிறிஸ்துமஸ் பொட்டலத்தில் ஸ்டாம்பைத் தெளிவாகக் குத்து. போன வருஷம் மை பரவிவிட்டது.

அக்கா


கோட்டாறு
27.7.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஞானதாசன் வணக்கத்தோடு எழுதுவது. நாங்கள் எல்லோரும் மிக மிகச் சுகம். உன் சுகத்தை நான் இனிக் கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சரக்கு வந்தால் மேலும் கீழும் புரட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே எடுப்பேன். கடிதத்துக்கும் அதே பழக்கம். மேல்மூலையைப் பார்த்தேன். நீலச் சிலுவை இல்லை. பின்பக்கம் பார்த்தேன், இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மழையில் நனைந்து அழிந்திருக்குமோ என்று டெல்சியிடம் காட்டினேன். உறையும் முழுதாகப் பசை போட்டு ஒட்டி வந்திருந்தது. இதுவரை மதர் வாசித்தபின் முனையில் மட்டும் ஒட்டித்தான் அனுப்புவார்கள், நாற்பத்தொரு வருஷத்தில் நீ ஒட்டின உறை ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

முதலில் பயந்துவிட்டேன். மதருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று வெளியாட்களோடு பேச அனுமதி உள்ள வெளிவாசல் சகோதரிக்குப் போன் போட்டேன். “பழைய மதர் நல்லா இருக்காங்க. தோட்டத்துல கத்தரி நடுறாங்க” என்றார்கள். அப்புறம் பதறிப்போய், வேறு ஒன்றும் சொல்ல அனுமதி இல்லை என்று வைத்துவிட்டார்கள்.

பழைய மதர்.

கடையில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த வீட்டில் யார் கடிதத்துக்கு நீலச் சிலுவை வேண்டாம்? ஒரே ஒரு ஆளுக்கு. மார்ச் மாதத்துக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். வேண்டாம் என்று சொல்லும் பலம் வேண்டும் என்று மன்றாடியது யார் என்று அப்போது தெரிந்தது. நீ தூங்காமல் கிடந்தாய். நான் அதை எனக்குச் சொன்னதாக நினைத்து உன்னைத் திட்டி எழுதினேன். மறுபடி வாசி என்று மதர் தெளிவாகச் சொல்லியும் வாசிக்கவில்லை. கடைவீதியில் மூன்று பேர் மனதில் இருப்பதைச் சொன்ன எனக்கு என் அக்கா மனதில் இருந்தது தெரியவில்லை.

பகல் பதினொரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிர்க்கடையிலிருந்து சண்முகவடிவு அம்மாள் ஓடிவந்து, “என்ன அண்ணாச்சி, துக்கமா?” என்று கேட்டார்.

“இல்ல. எங்க வீட்டுல ரெண்டாவது தலைவர் வந்தாச்சு” என்றேன்.

யார் என்று கேட்டார். சொன்னேன். மதிலைத் தாண்டக்கூடாது என்பது உனக்குத்தான் சட்டம், எனக்கு இல்லை. சாயங்காலத்துக்குள் ஏழு தெருவுக்கும் தெரிந்துவிட்டது. பீருக்கண்ணு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஜான்ரோஸ் வந்து, “உங்க அக்கா எத்தன தடவ வேண்டாம்னு சொன்னாவ?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நீயும் எழுத வேண்டாம். நான் முதல் தடவையே எடுத்தேன், நீ எத்தனை தடவை தள்ளினாலும் அவர்கள் உன் முன்னாலேயே திரும்ப வைத்திருப்பார்கள். அது என் தட்டைவிடப் பெரிது.

கிராதியிலிருந்து நாலு அடி தள்ளி நின்றாளே, அவள் மகள் இப்போது அந்தக் கிராதிக்கு உள்ளே தலைவி. அடுத்த முறை நான் வரும்போது கையில் நாரத்தை இலை தேய்த்துக்கொண்டு வரமாட்டேன். கடையிலிருந்து அப்படியே வருவேன். கிட்டே வந்து நிற்பேன்.

ஸ்டாம்புக்குப் புது மை வாங்கிவிட்டேன்.

இனி நான் எழுதுவதை உனக்கு முன்னால் வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் இத்தனை வருஷப் பழக்கம் கையை விடவில்லை.

இதை வாசிக்கும் மதருக்கு என் ஸ்தோத்திரம்.

உன் தம்பி,
ஞானதாசன்